முப்பத்தொன்றாம் எண் கேசட்

லீட்ஸ்
14 செப்டம்பர் 1998

அன்புள்ள வில்ஃப்,

கண்ணால் பார்க்காத ஒன்றை 'இல்லை' என்று அச்சில் போட ஒருவருக்கு எப்போது உரிமை வருகிறது? இரண்டு வாரமாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரியாமலேயே ஒரு முடிவுக்கு வர வேண்டியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

பட்டியலின் மூன்றாம் பதிப்பு நவம்பர் நடுவில் அச்சுக்குப் போகிறது. வீடியோவுக்குத் தணிக்கைச் சட்டம் வருவதற்கு முன் இந்த நாட்டில் கேசட்டாக வெளியான பேய்ப்படங்கள், கொலைப்படங்கள் எல்லாம் அதில் இருக்கும். சந்தாதாரர்கள் நாற்பத்து மூன்று பேரும் அதை நம்பித்தான் கேசட் மாற்றிக்கொள்கிறார்கள். அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன். யாராவது ஒருவர் ஓட்டிப் பார்த்த கேசட்தான் பட்டியலில் ஏறும். 'சதுப்பு நிலத்துத் தையல்காரி'யைப் பார்த்ததாகச் சொல்பவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களும் 1982க்குப் பிறகு அதை ஓட்டவில்லை என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய புகைப்படங்களில் பெட்டி இருக்கிறது. பெட்டியை மட்டும் அச்சடித்துக் கடைகளுக்கு அனுப்பிவிட்டு, படத்தை வெளியிடாமலே மூட்டை கட்டிய கம்பெனிகள் குறைந்தது ஆறு எனக்குத் தெரியும்.

டிவியில் தலைப்பு ஓடும்போது ஒரு புகைப்படம் எடுத்து அனுப்புங்கள். வந்தால் ஏற்றுகிறேன். வராவிட்டால் 'வெளிவரவில்லை' என்ற பகுதிக்குப் போகும்.

நீங்கள் அனுப்பிய 'பன்றிப் பண்ணையில் பதின்மூன்று பேர்' கேசட் நல்லபடியாக வந்து சேர்ந்தது. நகலுக்கு நகலெடுத்த நான்காவது கை நகல் போலிருக்கிறது. பன்றிகளையும் மனிதர்களையும் பிரித்தறிய முடியவில்லை. கதைக்கு அதனால் பாதகமில்லை.

ரோசலிண்ட் டிரான்டர்


மோர்காம்
22 செப்டம்பர்

டாக்டர் டிரான்டர் அவர்களுக்கு,

ஆறு வருடம் 'ரோஸ்' என்று எழுதிய கை இன்று 'டாக்டர்' என்று எழுதுகிறது. கவனித்திருப்பீர்கள்.

அசல் கேசட்டை ஓட்டக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா? ஒவ்வொரு முறையும் நாடா கொஞ்சம் தேயும். தையல்காரி பதினாறு வருடமாகப் பிளாஸ்டிக் பைக்குள், வெயில் படாத அலமாரியில், செங்குத்தாக நிற்கிறாள். ஒரு புகைப்படத்துக்காக அவளை எழுப்பி மெஷினுக்குள் தள்ளச் சொல்கிறீர்கள். என் மெஷின் போன மாதம்தான் ஒரு கேசட்டை மென்று துப்பியது.

போன சனிக்கிழமை பிராட்ஃபோர்டில் நம் ஆட்கள் கூடினோம். நீங்கள்தான் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லையே, அதனால் சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் லென் பிக்கர்ஸ்டாஃப் என் தோளைத் தட்டி, "என்ன வில்ஃப், வெறும் பெட்டியோடயே பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினியாமே" என்றான். பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். அச்சில் வேறு வந்துவிட்டால் என்னோடு இனி ஒரு கேசட் மாற்றிக்கொள்ள எவன் வருவான்? இந்த வயதில் எனக்கு இருக்கும் ஒரே தபால் அதுதான்.

கடல் வற்றினால் புகைப்படம் வரும். இங்கே அலை இறங்கும்போது நிஜமாகவே வற்றும் என்பதால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வி. ஆக்டன்
(முன்னாள் உரிமையாளர், ஆக்டன் வீடியோ)


லீட்ஸ்
26 செப்டம்பர்

வில்ஃப்,

லென் அப்படிப் பேசியதற்கு வருந்துகிறேன். சரிபார்ப்பதற்காக அவருக்கு ஒரு பக்கம் அனுப்பினேன். கேலி செய்வதற்கு அனுப்பவில்லை.

நான் பகலில் அறுநூறு வருடத்துப் பழைய வரி ஏடுகளைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவள். ஏட்டில் ஒரு ஊர் எழுதியிருக்கிறது என்பதற்காக அந்த ஊர் இருந்தது என்று நாங்கள் நம்புவதில்லை. உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பெட்டியின் மேல்தான்.

தேய்மானம் பற்றி நீங்கள் சொல்வது சரி. என்னிடமுள்ள பதினோரு அசல்களை நானும் ஓட்டியதில்லை. இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. என் வீட்டிலும் பதினோரு வெறும் பெட்டிகள்தான் இருக்கின்றன என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. இன்று மாலை ஒன்றைப் போட்டுப் பார்க்கப் போகிறேன். நீங்களும் பாருங்கள். தலைப்பு ஓடும் அரை நிமிடம் போதும்.

ரோசலிண்ட்


மோர்காம்
5 அக்டோபர்

ரோஸ்,

இதைப் படித்ததும் கிழித்துப் போடுங்கள். லென்னுக்குப் பக்கமோ பத்தியோ எதையும் அனுப்பாதீர்கள்.

போட்டேன். பக்கத்து வீட்டில் புது மெஷின் இரவல் வாங்கி, அதற்குள் நாடா உரசும் தலையை இரண்டு முறை துடைத்து, கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டேன். ஒரு பச்சைக் கிளி வந்தது. கொலைக்கு முன்னால் அமைதியான காட்சி வைப்பார்களே, அதுவாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு கம்பளிச் சட்டை போட்ட ஒருவர் வந்து, கூண்டுக்குள் தினையும் தண்ணீரும் எந்த உயரத்தில் வைக்க வேண்டும் என்று விளக்கினார். அவரைத்தான் முதலில் தைப்பாள் என்று காத்திருந்தேன். முப்பத்தெட்டு நிமிடம் அவர் உயிரோடுதான் இருந்தார். பட்ஜி கிளி வளர்ப்பு, முதல் வருடம். இத்தனை வருடமாக நான் வெயில் படாமல் காப்பாற்றியது அதைத்தான்.

எப்படி நடந்தது என்று தெரியும். எண்பத்து நாலில் போலீஸ்காரர்கள் பறிமுதல் செய்ய வேண்டிய படங்களின் பட்டியலோடு கடை கடையாக வந்தபோது, வெளி ஓட்டில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். அதனால் நாங்கள் எல்லோரும் ஒரே வேலை செய்தோம். கேசட்டுக்கு அடியில் ஐந்து திருகாணி. கழற்றி, உள்ளே இருக்கும் நாடாவை எடுத்து, உடற்பயிற்சி கேசட்டின் ஓட்டுக்குள் போட்டு, உடற்பயிற்சியை இதற்குள் போட்டு மூடிவிடுவது. என் கடையில் அதைச் செய்தது என் மனைவி பெரில். ஒரே மத்தியானத்தில் முப்பது கேசட். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாயில் திருகாணிகளைக் கவ்விக்கொண்டு செய்தாள். கலவரம் அடங்கியதும் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினோம். தையல்காரி போலீஸ் பட்டியலிலேயே இல்லை. அதனால் அதைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

பட்ஜி கேசட்டும் பெரிலுடையதுதான். மறு வருடம் ஜனவரியில் அவள் கூண்டையும் கேசட்டையும் தூக்கிக்கொண்டு ஃப்ளீட்வுட்டுக்குப் போய்விட்டாள். பதின்மூன்று வருடமாகப் பேச்சு இல்லை.

நான் கேட்க மாட்டேன். நீங்கள் போய் வாருங்களேன். படித்தவர்களுக்குக் கதவு திறப்பாள்.

வில்ஃப்


லீட்ஸ்
9 அக்டோபர்

அன்புள்ள வில்ஃப்,

மோர்காம் கரையில் நின்றால் ஃப்ளீட்வுட் கண்ணுக்குத் தெரியும் என்று நீங்களே ஒருமுறை எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு ரயிலும் ஒரு டிராமும் பிடிக்க வேண்டும்.

நியாயமாகச் சொன்னால், உங்கள் கதை இரண்டு விதமாகவும் பொருந்துகிறது. படம் கிளிக் கேசட்டின் ஓட்டுக்குள் இருக்கலாம். படம் எப்போதுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டிலும் உங்கள் கையில் மிஞ்சுவது கிளிதான்.

ஆனால் உங்கள் பெட்டியின் பின்பக்கப் புகைப்படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். நடித்தவர்கள் பட்டியலில் நான்காவது பெயர் பெரில் ஆக்டன். ஆறு வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி அதில் நடித்தார் என்று ஒன்றில்கூட இல்லை.

போகிறேன். அதற்கு முன்னால் மீதியைச் சொல்லுங்கள்.

ரோசலிண்ட்


மோர்காம்
13 அக்டோபர்

ரோஸ்,

பூதக்கண்ணாடி வைத்திருக்கும் பெண்ணோடு எந்த ஆணும் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

அந்தப் படத்தை எழுபத்தொன்பதில் ஒரு தரைவிரிப்பு வியாபாரி பதினோரு நாளில் எடுத்தான். பூட்டிக் கிடந்த ஒரு நூற்பாலையைச் சதுப்பு நிலம் என்று சொல்லித் தண்ணீர் ஊற்றினான். பெரில் அப்போது பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தாள். பல் பிடுங்க வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து, மூன்றாவது பலி நீதான் என்று சொல்லிவிட்டான். தையல்காரி அவள் வாயைத் தைக்க வரும்போது பெரில் நான்கு நிமிடம் அலற வேண்டும். இரண்டு வாரம் குளியலறையில் பழகினாள். நான் கீழே டீ குடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

எண்பத்திரண்டில் கேசட் வந்தது. கடை கல்லாவில் இருந்த டிவியில் போட்டேன். ரோஸ், அந்த அலறல் கெட்டில் கொதிக்கிற மாதிரி ஆரம்பித்து, கழுதை மாதிரி ஏறி, நடுவில் ஒரு விக்கலோடு நிற்கும். பிறகு மறுபடியும் கெட்டில். கடையில் இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பின்னோக்கி ஓட்டி மறுபடி போட்டேன். மறுபடியும் போட்டேன். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் போட்டேன். ஏழாவதோ எட்டாவதோ முறை திரும்பிப் பார்த்தால், பின் அறைக் கதவில் டீ தட்டோடு பெரில் நிற்கிறாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இரண்டரை வருடம் கழித்துத்தான் போனாள். கிளி நாற்றம் அடிக்கிறது என்று நான் சண்டை போட்டதால் போனதாக எல்லோரிடமும் சொன்னேன். எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் அந்தப் படத்தைப் போட்டதே இல்லை. தேய்மானத்துக்காக மட்டும் இல்லை.

வில்ஃப்


லீட்ஸ்
26 அக்டோபர்

அன்புள்ள வில்ஃப்,

சனிக்கிழமை போய் வந்தேன். படம் இருப்பதாகத் தெரிகிறது. நான் இன்னும் பார்க்கவில்லை.

பெரில் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "கிளி வாங்க வந்தியா கண்ணு, விக்க வந்தியா?" என்று கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். "ஓ, செத்துட்டானா?" என்றார். இல்லை என்றேன். "பரவால்ல, உள்ள வா" என்றார்.

அவர் வடதுறைப் பட்ஜி சங்கத்தின் செயலாளர். தேநீரும் வெண்ணெய் தடவிய பழ ரொட்டியும் கொடுத்தார். பேசும்போதே ஒரு கிளி என் தலையில் உட்கார்ந்தது. அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. திருகாணி விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"போலீஸ்காரன் அந்தப் படத்த கேக்கவே இல்லம்மா. முப்பது கேசட்டோட முப்பத்தொண்ணா நான்தான் மாத்தி எடுத்துக்கிட்டேன். அவன்கிட்ட இருந்தா ரீவைண்ட் பண்ணிப் பண்ணியே என்னைத் தேச்சிருப்பான்."

அது இப்போது சங்க நூலகத்தில் இருக்கிறது. முப்பத்தொன்றாம் எண், 'பட்ஜி கிளி வளர்ப்பு: முதல் வருடம்'. 1985இல் ஒரு மூத்த உறுப்பினர் கிளி வளர்ப்புதான் என்று நம்பி இரவல் எடுத்துப் போனார். பெரில் பயந்துகொண்டிருந்தார். அவர் ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்து, கிளி எப்போது வரும் என்று கடைசிவரை உட்கார்ந்திருந்ததாகவும், இருந்தாலும் நன்றாக இருந்ததாகவும் சொன்னாராம். அன்று முதல் ஒவ்வொரு நவம்பரிலும் கண்காட்சி முடிந்து, பரிசு கொடுத்து, சாண்ட்விச் சாப்பிட்ட பிறகு சங்கமே அதைப் பார்க்கிறது. நாமெல்லாம் தொலைந்துபோனதாகத் தேடும் படத்தை அறுபது பேர் பதின்மூன்று முறை பார்த்திருக்கிறார்கள். இந்த வருடம் நவம்பர் 7.

எனக்குக் காட்டச் சொன்னேன். நாள் வரட்டும் என்றார். உங்களுக்குக் கொடுக்கச் சொன்னேன். உறுப்பினர் அல்லாதவர்களுக்கு இரவல் இல்லை என்றார். பிறகு சொன்னது:

"அவனே வரட்டும். ஒரு தடவ, முதல்ல இருந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாக்கட்டும். ரிமோட் என் கையில இருக்கும்னு சொல்லு."

ஏன் போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது பட்டியலுக்குத் தேவையில்லை.

ரோசலிண்ட்


மோர்காம்
30 அக்டோபர்

ரோஸ்,

வர முடியாது. காரணங்கள்: குடல் இறக்கம் (டாக்டர் சீட்டு இருக்கிறது), பிளாக்பூல் ரயில் நிலையத்தின் படிக்கட்டு, நல்ல கோட் இல்லாதது. கோட் இருக்கிறது. பொத்தான் போட முடியவில்லை.

உண்மையான காரணம் சொல்கிறேன். லென்னை மறந்துவிடுங்கள், பட்டியலையும் மறந்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்கத் தயார். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துவிட்டேன், நன்றாகவே வருகிறது. ஆனால் அந்த அலறல், ரோஸ். இதை எழுதும்போதே எனக்கு உதடு துடிக்கிறது. அறுபது பேர் நடுவில், அவள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கும்போது, சிரிப்பு வந்துவிட்டால்? பதினாறு வருடம் கழித்து இரண்டாம் தடவை. அதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன செய்துவிட முடியும்?

வருவேனா மாட்டேனா என்று எழுதவில்லை. எனக்கே தெரியாது.

வில்ஃப்

பி.கு. அவள் முடி இன்னும் சிவப்பா?


லீட்ஸ்
6 நவம்பர், வெள்ளி

அன்புள்ள வில்ஃப்,

கல்லூரி வேலையில் ஒரு வாரம் ஓடிவிட்டது. இதை இப்போது தபாலில் போட்டாலும் உங்களுக்கு நேரத்தோடு வந்து சேராது. இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

சிரிப்பு வருமா என்று எனக்குத் தெரியாது. வந்தால் அவர் மன்னிப்பாரா என்றும் தெரியாது. இரண்டிலும் ஊகிக்க ஆதாரம் போதாது. பெரிய கைக்குட்டை ஒன்று எடுத்து வரலாம்.

முடி நரைத்துவிட்டது. அதை அவர் சாயம் போட்டு மறைக்கவில்லை.

8 நவம்பர், ஞாயிறு

மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. நேற்று நடந்ததை நீங்கள் பிராட்ஃபோர்டில் நான்கு விதமாகச் சொல்லப் போகிறீர்கள் என்பது டிராம் நிறுத்தத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே உண்மையில் நடந்ததை இன்றே எழுதி, ஒரு நகல் என்னிடம் வைத்துக்கொண்டு அனுப்புகிறேன்.

நீங்கள் சங்கக் கண்காட்சி மண்டபத்துக்கு மூன்றே முக்காலுக்கு வந்தீர்கள். பொத்தான் போடவில்லை. உங்கள் கையெழுத்தை வைத்து நெடிய ஆள் என்று நினைத்திருந்தேன், அதனால் அடையாளம் காண நேரமாயிற்று. மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்தீர்கள். சுவரோரம் எண்பது கூண்டுகள். பெரில் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, படத்துக்கு முதுகையும் உங்களுக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்தார்.

படம் இருக்கிறது. தலைப்பு நாற்பது விநாடி ஓடுகிறது, அதில் ஓர் எழுத்துப் பிழை. மோசமான படம். நூற்பாலையின் பெயர்ப் பலகை சதுப்பு நிலத்தின் நடுவில் மூன்று முறை தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் தையல்காரி ஊசியில் நூல் கோத்தாள். அப்போது சங்கத்தில் அறுபது பேரும் எழுந்து நின்றார்கள். நாம் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். திரையில் பெரில் வாயைத் திறந்ததும் அறுபது பேரும் கூடவே அலறினார்கள். கெட்டில், கழுதை, விக்கல், மறுபடி கெட்டில். ஒரு சுரம் பிசகவில்லை. எண்பது கூண்டிலும் கிளிகள் சேர்ந்துகொண்டன. நீங்கள் கைக்குட்டையை வாயில் திணித்தீர்கள். அது போதவில்லை. தொப்பியை வைத்து முகத்தை மூடினீர்கள். தோள் குலுங்கியது. பிறகு தொப்பி விழுந்தது, நீங்கள் உரக்கவே சிரித்தீர்கள், கண்ணில் நீர் வழிய. பெரில் அதைப் பார்த்தார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்ததும் நீங்கள் போய் அவர் முன் நின்று, கண்ணாடியில் பழகியதைச் சொல்லத் தொடங்கினீர்கள். சிரித்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. அவர் முடிக்க விடவில்லை.

"சிரிச்சதுக்கா? அந்த அலறல் சிரிப்புத்தான்யா. எனக்குத் தெரியாதா? நான் பின் ரூம்ல உனக்கு டீ போட்டுக்கிட்டு இருந்தேன். என்னைக் கூப்பிட்டிருந்தா நானும் வந்து சிரிச்சிருப்பேன்ல."

இதை உங்கள் பதிப்பில் மாற்றாமல் வையுங்கள்.

பிறகு கேசட்டை இரவல் கேட்டீர்கள். பெரில் உறுப்பினர் படிவத்தை நீட்டினார். நான்காம் விதிப்படி ஒரு பறவையாவது சொந்தமாக இல்லாதவர் உறுப்பினர் ஆக முடியாது. அன்றைய போட்டியில் வால் கோணல் என்று கழிக்கப்பட்ட ஒரு பச்சைப் பெட்டைக் கிளியை அவரே கூண்டோடு எடுத்து வந்து உங்கள் கையில் கொடுத்தார். "நாத்தம் அடிக்கும், பரவால்லயா?" என்றார். பரவாயில்லை என்றீர்கள்.

பட்டியலில் இப்படி வரும்: 'சதுப்பு நிலத்துத் தையல்காரி. 1982. ஒரு பிரதி, ஃப்ளீட்வுட். பெட்டி மோர்காமில். நேரில் பார்த்தது 7.11.98.' சரிபார்க்க அனுப்பிய பக்கத்தில் நான் எழுப்பிய சந்தேகம் தவறு என்று அடிக்குறிப்பில் போடுகிறேன். லென்னுக்கு முதல் பிரதி.

ஆறு பத்துக்குப் புறப்படும் டிராமில் ஏறினீர்கள். கூண்டு மடியில், முப்பத்தொன்றாம் எண் கேசட் கோட்டுக்குள். திருப்பித் தர வேண்டிய தேதி, 21 நவம்பர், பெரில் கைப்பட அட்டையில் எழுதியது. டிராம் நகரும்போது ஜன்னல் வழியாக, இதற்குத் தினையை எந்த உயரத்தில் வைப்பது என்று கத்தினீர்கள்.

"பதினாலு வருஷமா அந்தக் கிளிக் கேசட்டு உங்கிட்டதானேய்யா இருக்கு" என்றார் பெரில். "போட்டுப் பாரு."

ரோஸ்